டாக்டர் ஹூ இனி என்ன ஆகும்? கொழும்பு ரசிகர்கள் வாங்கோ, கதைப்பம்

நீலப்பெட்டி

டாக்டர் ஹூ பிபிசியின்ர அறிவியல் கற்பனைத் தொடர்: டாக்டர் எண்ட வேற்றுக்கிரகவாசி டார்டிஸ் எண்ட நீலப் பெட்டியில காலத்துக்குள்ள பயணம் போவார், சாகிற நேரம் முகம் மாறிப் புது நடிகரா எழும்புவார். கொழும்பில இந்தத் தொடரை விடாமல் பார்க்கிற தமிழாக்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறம் எண்டு தெரியும். ஒருக்கா வந்து மனம்விட்டு எழுதுங்கோ. எனக்கு இது உள்ளுக்குள்ள கிடந்து அரிக்குது.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2022 ஒக்டோபரில பிபிசி டிஸ்னியோட சேர்ந்தது. ரண்டு சீசன் வந்தது, ஒவ்வொண்டும் எட்டு எபிசோட். 2025 மே 31 'த ரியாலிட்டி வோர்' முடியேக்க டாக்டரா நடிச்ச ஷூட்டி கட்வா போய், முந்தி ரோஸா நடிச்ச பில்லி பைப்பரின்ர முகம் வந்து நிண்டது. ஒக்டோபரில டிஸ்னி இனி இல்லை எண்டு பிபிசி சொல்லிட்டுது. 2026 நத்தாருக்கு ரசல் டி டேவிஸ் எழுதுற ஒரு ஸ்பெஷல் வரும் எண்டதோட அந்த அறிவிப்பு முடிஞ்சது.

காரணம் கேட்டால் ஆளுக்கொண்டு சொல்லுகினம். அரசியல் கூடிட்டுது, காசு கூடிட்டுது, நடிகர் சரியில்லை. எனக்கு ஒண்டும் பொருந்தேல்ல. புதுசா வாற ஆளுக்குக் கதை சொல்லுறதை இந்தத் தொடர் விட்டிட்டுது. என்ர எண்ணம் அதுதான்.

2005 மார்ச் 26 வந்த 'ரோஸ்' எபிசோடை எடுங்கோ. கடையில வேலை செய்யிற ஒரு பெட்டை, வேலை முடியிற நேரம் கீழ்த்தளத்துக்குப் போறாள். உடுப்புப் போட்டு நிக்கிற பொம்மைகள் அசையுது. ஒருத்தன் கையைப் பிடிச்சு, ஓடு எண்டுறான். அவன் ஆர், எந்தக் கிரகம், எத்தனை முகம் மாத்தினவன், ஒண்டும் எங்களுக்குத் தெரியத் தேவையில்லை. டாக்டரின்ர கிரகமான காலிஃப்ரேயின்ர பேர் 2006 நத்தார் ஸ்பெஷல் வரைக்கும் புதுத் தொடரில ஒருத்தற்ர வாயிலயும் வரேல்ல. ரண்டு முழுச் சீசன் அந்தப் பேர் இல்லாமலே ஓடிச்சுது.

இப்ப கடைசி ரண்டு சீசன்ர முடிவையும் பாருங்கோ. 2024இல சூடெக், 1975இல வந்த வில்லன். 2025இல ராணி எண்ட வில்லி, 1985இல வந்தவா. அவவுக்குப் பின்னால ஒமேகா எண்ட இன்னொரு வில்லன், அது அதுக்கும் முந்தி. இடையில 1963இல வந்த டாக்டரின்ர பேத்தி சூசன் முகத்தைக் காட்டிப்போட்டு, ஏன் வந்தா எண்டு சொல்லாமலே போறா. பேரைச் சொல்லுறதையே ஒரு பெரிய அதிர்ச்சியா வைக்கினம். அந்தப் பேர் தெரியாத ஆளுக்கு அதில என்ன இருக்கு?

இரட்டை இதயம்

அண்ணா, நான் 2023 நத்தாருக்கு வந்த 'த சேர்ச் ஒன் ரூபி ரோட்' பார்த்துத்தான் உள்ள வந்தனான். சூடெக் ஆர் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமலே அந்தப் பெரிய நாய்த்தலையைப் பார்த்துப் பயந்தன். புது ஆளுக்கு ஒண்டும் இல்லை எண்டு நீங்கள் எழுதினா, அப்ப நான் ஆர்?

எல்லாரும் முடிவு எபிசோடுகளை வச்சே தொடரை அளக்கிறீங்கள். 2024இல 'டொட் அன்ட் பபிள்' எண்டு ஒண்டு வந்ததே, அதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லயே. பணக்காரப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற ஒரு ஊர். தலையைச் சுத்தி மிதக்கிற திரைக்குள்ளயே வாழ்க்கை. ஊருக்குள்ள பூதம் வந்து ஒவ்வொருத்தரா விழுங்குது, அதுகூட திரைக்கு வெளியால தெரியாது. கடைசியில டாக்டர் வந்து நிண்டு, என்ர டார்டிஸில ஏறுங்கோ, உங்கள் எல்லாரையும் காப்பாத்துறன் எண்டுறார். அதுகள் மாட்டம் எண்டுதுகள். அவர் தங்களை மாதிரி ஆள் இல்லையாம். அந்த இடத்திலதான் அந்த ஊரில வெள்ளை முகத்தைத் தவிர ஒரு முகமும் நாங்கள் பார்க்கேல்ல எண்டு உறைக்குது. கட்வா முதல்ல சிரிக்கிறார். பிறகு கத்துறார். பிறகு அழுதபடி அவையள் சாகப் போறதைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார்.

கொழும்பில அறை வாடகைக்குத் தேடியிருக்கிறன். போனில அரைமணித்தியாலம் சந்தோஷமாக் கதைச்ச வீட்டுக்காரர், பேரைச் சொன்ன உடனே "அது நேற்றே போய்ட்டுதே" எண்டார். அந்தக் காட்சி எனக்கு விளங்கினதுக்கு 1975ஆம் ஆண்டு வில்லனைத் தெரிஞ்சிருக்க வேண்டிய தேவை இருக்கேல்ல. அப்பிடி எழுதத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிற தொடர் செத்துப்போச்சு எண்டு சொல்ல நான் விடமாட்டன்.

வத்தளை

தங்கச்சி சொல்லும் எபிசோட் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் டாக்டர் எத்தனை நிமிடம் வருகிறார் என்று பாருங்கள். '73 யார்ட்ஸ்' எபிசோடிலும் அப்படியே. கட்வாவுக்கு அந்த நேரம் வேறொரு தொடரின் படப்பிடிப்பு முடியவில்லை, அதனால் அந்த இரண்டிலும் அவருக்குச் சிறிய பங்குதான். பதின்மூன்று எபிசோட் இருந்த காலத்தில் இது பெரிய இழப்பு இல்லை. எட்டில் இரண்டு போனால் மிச்சம் என்ன?

என்னுடைய கணக்கு எபிசோட் கணக்கு. 2005இல் பதின்மூன்று. 2018இல் பத்து. 2021இல் ஆறு. டிஸ்னி வந்த பிறகு எட்டு எட்டு. டெஸ்ட் போட்டியில் ஒருவன் ஒரு மணித்தியாலம் ஓட்டமே எடுக்காமல் நின்றாலும் அவனைப் பற்றி நமக்கு ஏதோ தெரிய வரும், ரி20இல் அதற்கு இடமில்லை. பழைய சீசன்களில் நடுவில் வந்த சாதாரணக் கதைகளில்தான் டாக்டரும் கூட வருபவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். முன்பு டாக்டரோடு பயணம் செய்த டோனாவை நமக்குப் பிடித்தது உலகம் அழியும் எபிசோடில் இல்லை, அதற்கு முன்னால் அவர் சிரித்துச் சண்டை பிடித்த எபிசோடுகளில். கட்வாவின் டாக்டரோடு வந்த ரூபிக்கும் பெலிண்டாவுக்கும் அந்த நேரமே கொடுக்கப்படவில்லை. அறிமுகம் முடிந்த கையோடு உலக அழிவு வந்துவிடுகிறது.

பார்வையாளர் எண்ணிக்கையும் சொல்கிறேன். 'ரோஸ்' பிரித்தானியாவில் 10.8 மில்லியன். 2018இல் ஜோடி விட்டக்கரின் முதல் எபிசோடும் ஏறக்குறைய அதே அளவு, 10.9 மில்லியன். 2025இல் அது நான்கு மில்லியனுக்குக் கீழே. முழுப் பழியையும் தொடரின் மேல் போட முடியாது, இப்போது எல்லாத் தொலைக்காட்சிக்கும் கூட்டம் குறைந்துதான் போயிருக்கிறது. ஆனால் 2018இல் ஒரு பெண் டாக்டர் வருகிறார் என்று அத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள். அரசியலால் சனம் ஓடியது என்று சொல்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லட்டும். வந்தவர்களுக்கு அதன்பிறகு கொடுத்த கதைதான் போதவில்லை.

தெஹிவளை தாதி

பெலிண்டாவைப் பற்றி வத்தளை அண்ணா ஒரு வரியில சொல்லிட்டுப் போனார். நான் கொஞ்சம் கூட எழுதவேணும். இது எனக்குச் சரியாக் கொதிக்கிற விஷயம்.

நான் ஆஸ்பத்திரியில தாதி. பெலிண்டாவும் தாதி, அவவா நடிச்ச வரடா சேது கேரளத்தில பிறந்தவா. எங்கட நிறத்தில, எங்கட தொழில் செய்யிற ஒருத்தி டார்டிஸுக்குள்ள வாறா எண்ட உடனே எங்கட வார்டில தொடர் பார்க்காத பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னனான். முதல் எபிசோடில டாக்டர் அவவைக் கேக்காமல் டிஎன்ஏயை ஸ்கான் பண்ணுவார். அவ உடனே, என்னைக் கேக்காமல் அதை எப்பிடிச் செய்வீங்கள், நான் உங்கட சாகசக் கதை இல்லை எண்டு முகத்துக்கு நேர சொல்லுவா. நோயாளியைக் கேக்காமல் ஊசி குத்தக்கூடாது எண்டு படிச்சவள் பேசுற பேச்சு அது. எழுதின ஆள் தாதிமாரைக் கவனிச்சிருக்கிறார் எண்டு விளங்கிச்சு.

அவ கேட்டது ஒண்டே ஒண்டு. 2025 மே 24க்கு வீட்ட போகவேணும். சீசன் முழுக்க அதுதான் கதை.

கடைசியில என்ன செய்தவை? ஆசைப்பட்டதை உண்மையாக்கிற ஒரு பிள்ளையை வச்சு ராணி ஒரு பொய் உலகம் கட்டுறா. அதில பெலிண்டாவுக்கு பொப்பி எண்டு ஒரு மகள். அந்த உலகம் உடையேக்க பிள்ளை மறைஞ்சுபோகுது. டாக்டர் தன்ர உயிரைக் குடுத்து அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவாறார். உடனே பெலிண்டாவின்ர முழுக் கதையும் மாறிப்போகுது. அவ வீட்ட போக அவசரப்பட்டது முதலில இருந்தே மகளுக்காகத்தானாம். நாங்கள் பார்த்த பழைய காட்சிகளையே எடுத்து, மகளின்ர பேரைச் சேர்த்துத் திருப்பிப் போடுகினம். பெரிய சண்டை நடக்கேக்க அவவையும் பிள்ளையையும் ஒரு பெட்டிக்குள்ள பத்திரமா வச்சுப் பூட்டியாச்சு.

தாய்மையில எனக்கு என்ன குறை? எனக்கும் பிள்ளை இருக்கு. என்னைக் கேக்காமல் செய்யாத எண்டு சொல்லிக்கொண்டு வந்த ஒருத்தியின்ர ஞாபகத்தையே அவவைக் கேக்காமல் மாத்தி எழுதிப்போட்டு, அதைச் சந்தோஷமான முடிவு எண்டு காட்டினதுதான் பொறுக்கேல்ல. அந்தத் தொடர்தான் அவவை அப்பிடிப் படைச்சது. தான் படைச்சவளைத் தானே மறந்திட்டுது.

நீலப்பெட்டி

அக்கா, இதை வாசிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் ஒண்டும் எழுதேல்ல. உண்மை.

என்ர எண்ணத்துக்கும் இது பொருந்துது எண்டுதான் நினைக்கிறன். அந்த எபிசோடில ராணி, ஒமேகா, பழைய ரூபி, நடுவில வந்துபோற ஜோடி விட்டக்கர், கடைசியில பில்லி பைப்பர். இத்தனை பேருக்கும் இடம் ஒதுக்கினால் பெலிண்டாவுக்கு ஒரு பெட்டிதான் மிஞ்சும். ஒமேகா அவ்வளவு பில்டப்போட வந்து ராணியை விழுங்கிப்போட்டு ரண்டு நிமிஷத்தில போறான்.

மருதானை வாசகர்

பிள்ளைகளுக்கு வணக்கம். உங்களில் பலர் பிறக்கும் முன்பே இந்தத் தொடர் ஒரு தடவை போய்விட்டது. அதைப் பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லவேண்டும்.

பார்த்தவன் என்பதைவிட வாசித்தவன் என்பதே சரி. அந்த நாளில் மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில், டார்கெட் பதிப்பகத்தின் மெல்லிய நாவல்கள் கிடைக்கும். தொடரின் ஒவ்வொரு கதையும் ஒரு சிறு புத்தகம். டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே அறுபதுக்கு மேல் எழுதினார். அட்டை வளைந்திருக்கும், முதற் பக்கத்தில் யாரோ ஒரு பள்ளிப் பிள்ளையின் பெயர் நீலப் பேனையில் இருக்கும். ஒரே இருப்பில் வாசித்து முடிக்கலாம். எனக்குத் தெரிந்த டாக்டருக்கு நடிகரின் முகமே கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1985இல் பிபிசி இந்தத் தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்தி வைத்தது. 1986இல் திரும்பி வந்தது, பிறகு 1989 டிசம்பர் 6இல் ஒரு எபிசோட் ஓடியது. அதன் பின் இல்லை. அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். நாவல் எழுதினார்கள், 1999இலிருந்து ஒலி நாடகம் போட்டார்கள். அதற்கும் முன்பே, அறுபதுகளில், பிபிசி நாடாக்களை அழித்துவிடப் போகிறது என்று தெரியாத காலத்திலேயே, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்த பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைக்கும் தொண்ணூறுக்கு மேற்பட்ட எபிசோடுகளின் படம் இல்லை. ஒலி மட்டும் அத்தனைக்கும் இருக்கிறது. வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகள் 1992இல் ஹொங்கொங்கிலிருந்தும் 2013இல் நைஜீரியாவிலிருந்தும் திரும்பி வந்தன. இரண்டுமே நம்மைப் போல பிரித்தானியரின் கீழ் இருந்த இடங்கள்.

ஆகவே இடைவெளி வந்தால் தொடர் செத்துவிடும் என்று நான் பயப்படவில்லை. என் பயம் வேறு.

காப்பாற்றிய ரசிகர்களே பிறகு தொடரின் சொந்தக்காரர் ஆனார்கள். 2005க்குப் பின் பொறுப்பில் இருந்த டேவிஸ், மொஃபட், சிப்னால் மூவரும் சிறுவயதிலிருந்தே ரசிகர்கள். 1986இல் பிபிசியின் ஒரு நிகழ்ச்சியில் ரசிகர் மன்றத்தின் சார்பில் வந்து, அந்த வருடக் கதையை எழுதியவர்களுக்கே குறை சொன்ன பதின்ம வயதுப் பையன் சிப்னால். பின்னாளில் தொடரை நடத்தியவரும் அவரே. டாக்டராக நடித்த பீட்டர் கப்பல்டி பதினைந்து பதினாறு வயதில் தொடரைப் பாராட்டி ரேடியோ டைம்ஸ் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதியவர். எழுதுபவரும் ரசிகர், நடிப்பவரும் ரசிகர். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் ரசிகனுக்குத் தன் பால்யத்தைத் திருப்பிப் பார்க்கும் ஆசை அடங்காது. நீலப்பெட்டித் தம்பி சொல்லும் நோய் இங்கிருந்து வருகிறது.

1963ஐப் பாருங்கள். கனடாவிலிருந்து வந்த சிட்னி நியூமன் தொடங்கி வைத்தார். தயாரித்த வெரிட்டி லம்பர்ட்டுக்கு 27 வயது. முதற் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அப்போது அவருக்கு 24. பிபிசிக்குள் வெளியாட்களாக நின்ற மூவர். பின்னால் திரும்பிப் பார்க்க அவர்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அவர்கள் செய்தது இன்றும் ஓடுகிறது. அடுத்த முறை இந்தத் தொடரை அதன் ரசிகர் அல்லாத ஒருவரின் கையில் கொடுக்கவேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

இன்னொன்று, இடையில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வாழ்ந்து பொரளைக் கனத்தையில் அடங்கியிருக்கும் ஆர்தர் சி. கிளார்க், 1973இல் ராமா விண்கலத்தின் கதையை எழுதியபோது, அதை யார் கட்டினார்கள் என்று சொல்லாமலே விட்டார். 1989இலிருந்து இன்னொருவருடன் சேர்ந்து வந்த தொடர்ச்சிகள் விடை சொல்லப் போயின. முதற் புத்தகம் தந்த பிரமிப்பு எனக்கு அவற்றில் கிடைக்கவில்லை. 2020இல் டாக்டர் எங்கிருந்து வந்தவர் என்பதற்கு ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தார்களே, அப்போதும் எனக்கு அதே நினைவுதான் வந்தது.

வத்தளை

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். ரசிகர் அல்லாதவர் வந்தால் டாக்டரை வெறும் துப்பாக்கி வீரனாக்கிவிடுவார். துப்பாக்கி தூக்காத நாயகன் என்பதை ரசிகர்கள் காவல் காத்ததால்தான் அது இன்றும் இருக்கிறது. 1996இல் அமெரிக்கக் காசில் ஒரு படம் எடுத்து டாக்டரைப் பாதி மனிதன் ஆக்கினார்களே. போல் மக்கேன் அருமையாக நடித்தும் அங்கே எடுபடவில்லை, தொடரும் வரவில்லை.

நீலப்பெட்டி

அந்தப் படம் ஐயாவின்ர பக்கத்துக்குத்தான் சாட்சி அண்ணா. அது தொடங்கிறதே பழைய டாக்டரை வச்சு. அவரைச் சுட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்க செத்து, பிறகுதான் புது டாக்டர் எழும்புறார். அமெரிக்காவில முதல்முறை பார்க்கிற ஆளுக்கு அந்தப் பழைய ஆள் ஆர் எண்டே தெரியாது.

வெளியாள் வந்து நல்லாச் செய்ததுக்கும் உதாரணம் இருக்கு. 1982இல வந்த ரண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்தை இயக்கின நிக்கலஸ் மேயர், அந்த வேலைக்கு வரமுதல் தொடரில ஒரு எபிசோடும் பார்த்ததில்லை. வந்த பிறகு உக்காந்து பழைய எபிசோடுகளைப் பார்த்தார். பழைய வில்லன் ஒருத்தனையும் எடுத்தார். ஆனால் கதை வயசு போறதைப் பற்றி, நண்பனை இழக்கிறதைப் பற்றி. தொடர் தெரியாத ஆளும் அழுவார். பழசை எடுக்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல, எடுத்தால் இப்பிடி எடுக்கவேணும்.

வத்தளை

மேயர் ஒருவர். தவறிப்போனவர்கள் எத்தனை பேர்? சரி, இப்படிச் சொல்கிறேன்: எழுதுபவர் வெளியாளாக இருக்கட்டும், பக்கத்தில் ஒரு ரசிகர் உட்கார்ந்திருக்கட்டும். ஆனால் செலவைக் குறைத்து எபிசோடைக் கூட்டாமல் யார் வந்தும் பயனில்லை. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இரட்டை இதயம்

செலவு விஷயத்தில நான் வத்தளை அண்ணாவோட. டிஸ்னி போனது எங்களுக்கு என்ன நட்டம்? அது இருந்தபோதே இலங்கையில அந்தச் சேவை இல்லை. காசு கட்டிப் பார்க்கிறம் எண்டாலும் எங்களிட்ட வாங்கிறதுக்கு ஆள் இல்லை. பிபிசி இனி ஆரோட சேர்ந்தாலும், எங்கட நாடுகளில நேர்மையாப் பார்க்க ஒரு வழி வைக்கவேணும். மருதானையில அம்பது வருஷப் புத்தகம் கிடைச்சுது, எனக்குப் போன வருஷ எபிசோட் கிடைக்கேல்ல.

என்ர ஆசை ஒண்டு. 1963இல இருந்த மாதிரி 25 நிமிஷ எபிசோட், ஒவ்வொண்டும் ஆபத்தில முடியவேணும், ஒரு கதை நாலு கிழமை போகவேணும். தெஹிவளையில ரயில் ஏறினால் கோட்டைக்குப் போய்ச் சேர முதல் ஒண்டு பார்த்து முடிக்கலாம். பெரிய சண்டைக் காட்சி தேவையில்லை. ஒரு அறை, ஒரு கதவு, அதுக்குப் பின்னால ஏதோ ஒரு சத்தம். '73 யார்ட்ஸ்' அப்பிடித்தானே பயமுறுத்திச்சு. தூரத்தில நிக்கிற ஒரு கிழவி, அவ்வளவுதான்.

தெஹிவளை தாதி

நான் ஒரு உதவி கேக்கவேணும். தங்கச்சியின்ர மகனுக்குப் பத்து வயசு. ஐபாடும் கையுமா இருக்கிறான். இந்தத் தொடரில ஒண்டும் பார்த்ததில்லை. கொதிச்சுக் கொதிச்சு எழுதினாலும், அவனுக்கு இதைக் காட்டாமல் விட எனக்கு மனமில்லை. எதில தொடங்க?

நீலப்பெட்டி

'ரோஸ்'. கேள்வியே இல்லை.

வத்தளை

'ரோஸ்' இன்றைய பிள்ளைக்குப் பழைய கிராஃபிக்ஸ். குப்பைத் தொட்டி ஏப்பம் விடுவதைப் பார்த்து ஓடிவிடுவான். 2007இல் வந்த 'பிளிங்க்' போடுங்கள். கண் சிமிட்டினால் அசையும் கல் தேவதைகள். ஒரே எபிசோடில் முழுக் கதை.

இரட்டை இதயம்

'பிளிங்க்' பத்து வயசுக்கு இரவு நித்திரை வராது. அதோட அதிலயும் டாக்டர் கொஞ்ச நேரம்தான். எட்டில ரண்டு போச்சு எண்டு கணக்குப் பார்த்தது நீங்கள்தானே அண்ணா!

மருதானை வாசகர்

தங்கச்சி, 2005இல் வந்த 'த எம்ப்டி சைல்ட்' போடுங்கள். லண்டனில் குண்டு விழும் இரவுகள், வாயுக் கவசம் முகத்தோடு ஒட்டிப்போன ஒரு சின்னப் பையன், அம்மாவைத் தேடி வீடு வீடாகப் போகிறான். கொழும்பில் நம் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த இருட்டு விளங்கும், இவனுக்கு அது கதையாகவே இருக்கட்டும். ஆஸ்பத்திரியும் வருகிறது, உங்களுக்கும் பிடிக்கும். முடிவில் ஒருவரும் சாவதில்லை. அந்தத் தொடரின் மிக மகிழ்ச்சியான முடிவு அதுதான் என்பது என் எண்ணம். எந்தப் பழைய பெயரும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

தெஹிவளை தாதி

நன்றி ஐயா. இந்தக் கிழமை நைட் டியூட்டி. முடிஞ்ச உடனே சனிக்கிழமை போடுறன்.

இரட்டை இதயம்

அக்கா, அது ரண்டு பாகம். ரண்டையும் ஒரே இருப்பில காட்டிப்போடாதேங்கோ. முதலாம் பாகம் முடிஞ்ச உடனே நிப்பாட்டுங்கோ, எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்த சனிக்கிழமைதான். ரண்டாவதுக்கு அவனே நாள் எண்ணிக்கொண்டிருந்தானா இல்லையா எண்டு இங்க வந்து எழுதுங்கோ.